கழுத்தில் விசிலோடு நிற்கும் பி.டி. சார் எங்கிருந்து வந்தார்? அமெரிக்கர் எச்.சி. பக்கின் கதை

வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ உள்ள ஒரு பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு இரும்புக் கம்பம், நடுவில் தொய்ந்துபோன ஒரு வாலிபால் நெட். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருக்கும். வேப்பமர நிழலில், கழுத்தில் விசில் தொங்க ஒருத்தர் நிற்பார். நாம் எல்லோரும் பி.டி. சார் என்று கூப்பிட்ட மனிதர்.

அந்த வாலிபால் அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு. பக்கத்திலேயே போர்டு உடைந்து நிற்கும் பாஸ்கெட்பால் கம்பமும் அப்படித்தான். ஆனால் அமெரிக்கர்கள் உயிரை விடுகிற இன்னொரு விளையாட்டு, அதாவது அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம ஊர் மைதானம் எதிலும் கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அதன் மோதல் இல்லாத வடிவமான ஃப்ளாக் ஃபுட்பால் சேர்க்கப்பட்டிருப்பதால், இந்தப் பெயர் இனி அடிக்கடி நம் காதில் விழப்போகிறது.

மற்ற இரண்டும் வந்தபோது இது மட்டும் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர் பெயர் ஹாரி குரோ பக். சுருக்கமாக எச்.சி. பக். சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தவர்.

யார் இந்த பக்?

1884 நவம்பர் 25 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்ற ஊரில் பிறந்தார். இங்கிலாந்தில் இருக்கும் பெரிய லிவர்பூல் இல்லை. அதே பெயரில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். கிராமப்புறப் பையன் என்றே சொல்லலாம்.

பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்தார். இன்றைக்கு அது ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி. பக்கின் வாழ்க்கை புரியணும்னா முதலில் இந்தக் கல்லூரி புரியணும்.

அந்தக் கல்லூரியில் அப்படி என்ன விசேஷம்?

ஒய்.எம்.சி.ஏ. என்பது 1844இல் லண்டனில் ஆரம்பித்த கிறிஸ்தவ இளைஞர் சங்கம். வேலை தேடி நகரத்துக்கு வரும் இளைஞர்களுக்குத் தங்க இடம், படிக்க இடம், வழிபாடு ஆகியவைதான் அதன் தொடக்கம். அமெரிக்காவுக்குப் போனபோது இதோடு உடற்பயிற்சிக் கூடமும் சேர்ந்தது. அந்தக் கூடங்களை நடத்த ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆட்களைத் தயார் செய்யும் இடம்தான் ஸ்பிரிங்ஃபீல்ட்.

1890இல் அங்கே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணி உருவானது. உருவாக்கியவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர். மாணவர்கள் மிகக் குறைவாக இருந்த அந்தப் பள்ளி, அந்த ஆண்டே யேல் போன்ற பெரிய பல்கலைக்கழகத்தோடு நியூயார்க்கில், கூரைக்குக் கீழே, உள்ளரங்கில் மோதியது.

அந்த அணியில் நடுவில் நின்று விளையாடியவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர். ஒவ்வொரு மோதலிலும் காது அடிபடுகிறது என்று, காதைக் காக்கத் தலையில் ஒரு உறை மாட்டிக்கொண்டு ஆடியவர்.

ஃபுட்பால் சீசன் முடிந்தால் பனிக்காலம். வெளியே ஆட முடியாது. உள்ளே வெறும் உடற்பயிற்சி என்றால் பையன்களுக்கு ஒரே சலிப்பு. ஒருத்தரை ஒருத்தர் தள்ளி விழுத்தாமல், சின்ன இடத்தில் ஆடுவதற்கு ஏதாவது கண்டுபிடி என்று நைஸ்மித்திடம் வேலை கொடுக்கப்பட்டது. 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளைப் பால்கனியில் மாட்டி அவர் ஆரம்பித்ததுதான் பாஸ்கெட்பால். 1895இல் அதே பள்ளியில் படித்த வில்லியம் மோர்கன், பக்கத்து ஊரான ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.வில், நடுவயதுக்காரர்களும் ஆடுகிற மாதிரி இன்னும் மென்மையான ஒன்றை உருவாக்கினார். அதுதான் வாலிபால்.

அதாவது, நம்ம ஊர் வரைக்கும் வந்த இரண்டு விளையாட்டுமே ஒரு சின்ன கல்லூரியைச் சுற்றி, ஃபுட்பாலின் முரட்டுத்தனத்துக்கு மாற்றாகப் பிறந்தவை.

சரி, அமெரிக்கன் ஃபுட்பால் ஏன் வரவில்லை?

பெயரில்தான் ஃபுட்பால். பெரும்பாலும் கையில்தான் ஆட்டம். பந்து உருண்டையாக இல்லாமல் இரண்டு முனையும் கூராக இருக்கும். அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. முன்னேற விடாமல் மோதி விழுத்துவது ஆட்டத்தின் அடிப்படை விதி.

இதற்கு ஹெல்மெட், தோள் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் வேண்டும். 1905 வாக்கில் அமெரிக்காவிலேயே மாணவர்கள் மைதானத்தில் செத்துப்போகிற அளவுக்கு ஆட்டம் முரடானது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டுக் கல்லூரிகளை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. பந்தை முன்னோக்கி எறியும் விதி 1906இல் வந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கான கவசச் செலவில், ஒரு கொம்யூனில் இருக்கிற எல்லாப் பள்ளிக்கும் பந்தும் நெட்டும் வாங்கிவிடலாம். ஒரே ஒரு பந்து, ஒரே ஒரு நெட் இருந்தால் 12 பேர் ஒரே நேரத்தில் வாலிபால் ஆடலாம். செருப்பே இல்லாமல்கூட ஆடலாம். கடல் தாண்டி வந்தது எது, வராமல் போனது எது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மீதி விடை, கொண்டுவந்த விதத்தில் இருக்கிறது. பக்கின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1920: ஐந்து மாணவர்கள்

பக் இந்தியா வந்தது 1919இல். முதல் உலகப்போர் முடிந்து, ரவுலட் சட்டம், ஜாலியன்வாலாபாக் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த வருஷம். அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி.

ஒய்.எம்.சி.ஏ. அவருக்கு முன்பே இங்கே வேரூன்றியிருந்தது. சென்னையில் அந்தச் சங்கம் 1890இல் ஆரம்பமானது. எஸ்பிளனேடில் இன்றைக்கும் நிற்கும் அதன் சிவப்புக் கட்டடம், பிலடெல்ஃபியா வியாபாரி ஜான் வனமேக்கர் கொடுத்த பணத்தில் எழுந்தது. நைஸ்மித்தின் முதல் மாணவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் 1890களிலேயே இந்தியாவுக்கு பாஸ்கெட்பாலைக் கொண்டுவந்துவிட்டார். ஜான் ஹென்றி கிரே என்ற மருத்துவர் 1908 முதல் கல்கத்தாவில் உடற்பயிற்சி இயக்கத்தை நடத்தினார்.

ஆக, பந்து ஏற்கனவே வந்திருந்தது. வராதது அதைச் சொல்லித்தர ஆள். அன்றைய பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து, லெஃப்ட் ரைட் போட வைத்துவிட்டுப் போவதுதான். எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி, அடிபட்டால் என்ன செய்வது, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் படித்த வாத்தியார் கிடையாது.

1920இல் பக் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். முதல் வகுப்பில் ஐந்து மாணவர்கள். அவ்வளவுதான். அணி இல்லை, கோப்பை இல்லை, பார்வையாளர் கூட்டம் இல்லை. அந்த ஐந்து பேரும் விளையாட்டு வீரர்களாக ஆகப்போகிறவர்கள் இல்லை. விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். அதுதான் இந்தப் பள்ளியின் தனித்தன்மை.

பாடத்திட்டத்தில் மைதானம் பாதி, வகுப்பறை பாதி. உடற்கூறியல், உடலியங்கியல், முதலுதவி, சுகாதாரம், பயிற்றுவிக்கும் முறை எல்லாம் படித்துவிட்டுத்தான் விசிலைக் கையில் எடுக்கணும். அமெரிக்க, ஐரோப்பிய விளையாட்டுகளோடு தண்டால், பஸ்கி போன்ற நம்ம ஊர்ப் பயிற்சிகளும், சடுகுடு மாதிரியான ஆட்டங்களும் இந்த இயக்கத்தின் பாடங்களில் இடம்பிடித்தன.

1924: பாரிஸ் போன மேனேஜர்

இந்தியாவுக்கு அப்போது ஒலிம்பிக் என்பது புது விஷயம். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குத் தொழிலதிபர் தோராப்ஜி டாடாவின் முயற்சியில் ஒரு சின்ன அணி போனது. அடுத்தது 1924 பாரிஸ். இந்த முறை ஒழுங்காகத் தேர்வு செய்ய வேண்டும் என்று 1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய அளவில் போட்டிகள் நடந்தன. மாகாணங்கள் தங்கள் வீரர்களை அனுப்பின. இதற்குப் பின்னால் ஓடியாடியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் ஏ.ஜி. நோரன். இன்னொருவர் பக்.

பாரிஸ் போன இந்திய அணிக்கு மேனேஜர் எச்.சி. பக். நீளம் தாண்டும் தலிப் சிங், மாரத்தான் ஓடிய மகாதேவ் சிங், தடை ஓட்டத்தில் சி.கே. லட்சுமணன் உள்ளிட்டோர் அந்த அணியில் இருந்தார்கள். லட்சுமணன் ராணுவ மருத்துவர். பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர்.

பதக்கம்? ஒன்றுகூட இல்லை.

ஆனால் திரும்பி வந்த பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். டாடா பண உதவி செய்ய, நோரனும் பக்கும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி ஒலிம்பிக் சங்கங்களை உருவாக்க உதவினார்கள். அந்த அடித்தளத்தின் மேல் 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் எழுந்தது. தலைவர் டாடா, செயலாளர் நோரன். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. அந்த வெற்றி தியான்சந்த் போன்ற வீரர்களுடையது, பக்குடையது இல்லை. ஆனால் இந்தியா என்ற பெயரில் ஒரு அணி ஒலிம்பிக்குக்குப் போவதற்கான அமைப்பைக் கட்டியவர்களில் அவர் ஒருவர்.

அடையாற்றின் கரையில் ஒரு வளாகம்

எஸ்பிளனேடில் ஆரம்பித்த பள்ளி, பிறகு சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்கு மாறியது. இன்றைக்கு நாம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்று சொல்லும் இடம்தான் அது. சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிற மைதானம் என்றால் சட்டென்று புரியும். பள்ளி கல்லூரியானது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெயரும் சேர்ந்தது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள்.

பக் எழுதவும் செய்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்த அவருடைய நூல் பல பதிப்புகள் கண்டது. சண்டை வந்தால் அந்தப் புத்தகத்தைப் பிரித்துத் தீர்ப்புச் சொல்வது நடுவர்களின் வழக்கமாக இருந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கோடு எத்தனை அடி, நெட் எவ்வளவு உயரம், எது ஃபவுல் என்பது ஊருக்கு ஊர் மாறினால், இரண்டு ஊர்கள் மோதவே முடியாது. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எல்லாம் சாத்தியமாவது விதி ஒன்றாக இருக்கும்போதுதான்.

1943 ஜூலை 24 அன்று பக் சென்னையில் இறந்தார். வயது 58. அதில் 24 ஆண்டுகள் இந்தியாவில் கழிந்தவை. சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய கல்லூரியில் படித்தவர்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான பி.எம். ஜோசப், 1957இல் மத்திய அரசு குவாலியரில் தொடங்கிய லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கு முதல் முதல்வரானார். சென்னையில் ஐந்து பேரோடு ஆரம்பித்தது, நாட்டின் தேசியக் கல்லூரி வரை போனது.

விமர்சனமே இல்லையா?

உண்டு. பக் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் ஊழியர். ஆண்டுகொண்டிருந்தது ஆங்கிலேய அரசு. அந்தக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் சில இடங்களில் விடுதலைப் போராட்டத்தின் பாசறைகளாக இருந்தன. அரசு அவற்றைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஒய்.எம்.சி.ஏ.வின் ஒழுங்கான, வரிசையான விளையாட்டு ஆங்கிலேயருக்கு வசதியாகப் போனது என்று வரலாற்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இந்தியர்கள் உடலளவில் பலவீனமானவர்கள், அவர்களைத் திருத்த வேண்டும் என்ற வெள்ளைக்காரப் பார்வையும் அந்த இயக்கத்தில் கலந்திருந்தது.

இன்னொரு பக்கம், சிலம்பமும் சடுகுடுவும் ஏற்கனவே இருந்த ஊருக்கு வெளியாள் வந்து உடற்கல்வி சொல்லித்தர வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானது. நம் ஆட்டங்களுக்கு நம்மவர்களே விதி எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். மேற்கு இந்தியாவில் கபடி விதிகள் வகுக்கப்பட்டதும், 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி குழுவினர் அங்கே கபடி ஆடிக்காட்டியதும் அப்படித்தான்.

இந்த இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பக் கட்டியது ஒரு அணியை இல்லை, ஒரு வேலையை. பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் விளையாட்டு உண்டு, அதற்குப் படித்த வாத்தியார் வேண்டும் என்ற வேலை.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இது எப்படி வந்தது?

பக் வாழ்ந்த காலத்தில் இந்த இரண்டு ஊர்களும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. பாகூரில் நின்று பார்த்தால் கூப்பிடு தூரத்தில் கடலூர் மாவட்டம், அதாவது அன்றைய சென்னை மாகாணம். வயல் ஒன்றுதான், வரப்புக்கு இந்தப் பக்கம் வேறு நாடு. சென்னையின் கல்வி உத்தரவு இங்கே செல்லாது. இங்கே வந்தவை பிரெஞ்சுக்காரர்களின் பழக்கங்கள். புதுச்சேரி நகரத்தில் இன்றும் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் பெத்தாங் அதன் மிச்சம்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே பல பத்தாண்டுகள் புதுச்சேரிப் பள்ளிகளில் நடந்தது. பாடப்புத்தகத்தோடு பி.டி. பீரியடும், ஸ்போர்ட்ஸ் டேயும், மார்ச் பாஸ்ட்டும், அதற்கான வாத்தியாரும் சேர்ந்து வந்தார்கள். 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று காலாப்பட்டு வளாகத்திலேயே உடற்கல்வித் துறை இருக்கிறது. இந்த வேலைக்குப் படிக்க நந்தனம்தான் போகணும் என்ற கட்டாயம் இப்போ இல்லை.

ஒரு தகவல். பாகூருக்குக் கல்லூரி புதுசு இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதை பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. சொல்லித்தருகிறவர் இருந்தால்தான் கல்வி நிலைக்கும், அவருக்குச் சோறு போட்டால்தான் அவர் இருப்பார் என்று 1,100 வருஷத்துக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

இதை எழுதுகிற நான் படித்தது இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு சார் உள்ளே வந்துவிடுவார். பத்தாம் வகுப்பில் அந்த இரண்டு பீரியடும் டைம் டேபிளில் மட்டும்தான் இருந்தன. பி.டி. சார் அந்த நேரத்தில் வராந்தாவில் நோட்டுப் புத்தகம் எண்ணிக்கொண்டிருப்பார். எங்களில் நன்றாக ஓடுகிற நாலு பேரை மட்டும் சாயங்காலம் மைதானத்துக்குக் கூப்பிடுவார். மீதி நாற்பது பேருக்கு விளையாட்டு அத்தோடு முடிந்தது. இதைப் படிக்கிற பலருக்கும் இதே அனுபவம் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிரிவில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உடல்நலம் மற்றும் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது இருக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், பகுதிநேரம். நூறு பேர் இல்லாத சின்ன கிராமப் பள்ளிக்கு அதுவும் கட்டாயமில்லை.

மறுபக்கம் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2011இல் இந்தியாவுக்கென்றே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் லீக் அறிவிக்கப்பட்டது. பின்னால் அமெரிக்கப் பிரபலங்கள் இருந்தார்கள், பல நகரங்களின் பெயரில் அணிகள் இருந்தன, தொலைக்காட்சிக் கனவு இருந்தது. அது வேர்பிடிக்கவில்லை. சொல்லித்தர ஆளும், பள்ளியில் ஆடிப் பழகிய பிள்ளைகளும் இல்லாமல் மேலே இருந்து இறக்கினால் எந்த விளையாட்டுக்கும் இந்தக் கதிதான். 2028க்காக ஃப்ளாக் ஃபுட்பால் இங்கே வந்தாலும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்கணும்.

பக் படித்த ஸ்பிரிங்ஃபீல்ட் இன்றும் சின்ன கல்லூரிதான். அமெரிக்கன் ஃபுட்பால் அணி இன்றும் அங்கே இருக்கிறது. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. அந்த அணி எந்த வருஷம் எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்பது அந்த ஊருக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அங்கே படித்த ஒருவர் சென்னைக்கு வந்து ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். அது மட்டும் வில்லியனூர் வரைக்கும் வந்திருக்கிறது.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் பற்றிக் கேட்டு முடித்ததும் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். இந்த வாரம் என் பிள்ளைக்கு பி.டி. பீரியட் நடந்ததா?